மாலரின் காய்ச்சலும் நம் மாத்திரையும்

1911 பிப்ரவரி, நியூயார்க். இசையமைப்பாளர் குஸ்தவ் மாலருக்குக் காய்ச்சல் விடவே இல்லை. ரத்தத்தை எடுத்து கல்ச்சர் செய்தார்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி வளர்ந்தது. அவருடைய இதய வால்வு ஏற்கெனவே பழுதானது. வாயிலிருந்து ரத்தத்தில் கலக்கும் இந்த வகைக் கிருமி அப்படிப்பட்ட வால்வில்தான் சுலபமாக ஒட்டிக்கொள்ளும். ஆன்டிபயாடிக் இல்லாத காலம். மே 18-ல் வியன்னாவில் இறந்துபோனார்.

இன்னைக்கு மருந்து இருக்கு. சிக்கலும் அதிலேயே இருக்கு. கடையில் நாலு ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டால் காய்ச்சல் தணியும். கிருமி சாகாமல் வால்விலேயே பதுங்கும். அப்புறம் கல்ச்சரில் சிக்காமலும் போகலாம்.

வால்வுக் கோளாறு உள்ளவருக்குக் காய்ச்சல் நீடித்தால், கூடவே இரவு வியர்வை, உடல் மெலிவு, மூச்சு வாங்கல் இருந்தால், மாத்திரைக்கு முன் ரத்த கல்ச்சர், எக்கோவும் வேணும். டாக்டரிடம் வால்வு விஷயத்தை முதலில் சொல்லுங்க.