வயலோரம் ஒரு வடிகட்டி

ஏரி என்றால் போபால் ஏரிதான், மற்றதெல்லாம் குட்டை என்பது போபால்வாசிகளின் பழைய பெருமை. 11-ம் நூற்றாண்டில் போஜராஜன் அமைத்ததாகச் சொல்லப்படும் 'படா தாலாப்' இன்றும் நகருக்குக் குடிநீர் தருகிறது. ஆனால் அந்தத் தண்ணீர் வரும் வழி நெடுக வயல்கள். 361 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்புப் பகுதியில் பெரும்பாலும் விவசாயம்: மழைக்காலத்தில் சோயா, குளிர்காலத்தில் கோதுமை. கனமழை பெய்தால் கரிசல் மண்ணோடு யூரியாவும் டி.ஏ.பி.யும் ஏரிக்கு வந்து சேர்கின்றன. பயிருக்குப் போட்ட உரத்தில் பாசியும் ஆகாயத்தாமரையும் கொழிக்கின்றன.

வைத்தியம் எளிது. வயலுக்கும் ஓடைக்கும் நடுவே சில மீட்டர் அகலத்துக்குப் புல், புதர், மரம். ஓடிவரும் நீர் அடர்ந்த புல்லில் வேகம் குறைந்து மண்ணை இறக்கிவைக்கிறது. மண்துகளில் ஒட்டிவரும் பாஸ்பரஸும் அங்கேயே தங்குகிறது. கரைந்த நைட்ரேட்டை வேர்கள் உறிஞ்சுகின்றன. ஈரமண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் ஒரு பகுதியை வாயுவாக்கி வெளியேற்றுகின்றன.

போபாலுக்கு இது புதிதல்ல. ஜப்பான் கடனுதவியுடன் 1995-ல் தொடங்கிய திட்டத்தில் ஏரியைச் சுற்றி லட்சக்கணக்கில் மரக்கன்றுகள் நடப்பட்டன. 2002-ல் ராம்சார் பட்டியலிலும் ஏரி இடம்பெற்றது.

ஆனால் மரம் மட்டும் போதாது. மரத்தடி வெறும் தரையாக இருந்தால் நீர் நிற்காது. வடிகட்டுவது தரையை மூடிய புல்தான். வெள்ளம் வாய்க்காலாகத் திரண்டு பாய்ந்தால் புல்லும் தோற்கும். சேர்ந்த சத்து மீண்டும் நீருக்குப் போகாமலிருக்கப் புல்லை அவ்வப்போது அறுத்தாக வேண்டும். நகரத்துச் சாக்கடைக்கோ இது மருந்தே அல்ல.

உண்மையான சிக்கல் நிலம். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரின் வயல் ஓடையோரம் 100 மீட்டர் நீண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். 10 மீட்டர் அகலத்துக்குப் புல் விட்டால் கால் ஏக்கர், அதாவது எட்டில் ஒரு பங்கு போய்விடும். மாட்டுத் தீவனம் கொஞ்சம் ஈடுகட்டலாம். கோதுமைக்கு அது இணையாகாது.

நிலத்தை விடவேண்டியவர் கிராமத்தில். குழாயைத் திறப்பவர் நகரத்தில். மரம் நடும் விழா ஒரே நாளில் முடிந்துவிடும். அந்தக் கால் ஏக்கருக்கு ஆண்டுதோறும் ஈடு தர நகரம் முன்வந்தால்தான் புல் நிலைக்கும்.