டைம் பார்த்து வரும் ஆறு… தெரியுமா?

"ஆத்து ஓரத்துலயா படுத்த? ராவுல தண்ணி வந்தா என்னடா பண்ணுவ?"

பைக்கில் லடாக் போய்த் திரும்பிய எங்கள் தெருப் பையனிடம் அவன் பெரியம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான். பனிமலை, குளிர், செல்ஃபி எல்லாம் அப்புறம். விழுப்புரம் மாவட்டத்து அனந்தபுரத்துக்காரர் வேறு எதைக் கேட்பார்? 2024 டிசம்பர் பிறந்த அன்று ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதே! வருஷத்தில் பாதி நாள் வெறும் மணலாகக் கிடக்கிற சங்கராபரணி ஆறு அன்று என்ன ஆட்டம் போட்டது என்று இந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் கதை கதையாகச் சொல்வார்கள்.

பையன் சிரித்தான். "தண்ணி வரும் பெரியம்மா. டைம் பார்த்து வரும்!"

டைம் பார்த்து ஆறு வருமா? வரும்! அவன் படுத்த இடம் இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் உள்ள ஜிஸ்பா. மணாலியிலிருந்து லே போகும் சாலையில், கேலாங் தாண்டி இருபது கிலோமீட்டர் போல. பாகா ஆற்றின் கரையில் வரிசையாகக் கூடாரங்கள், ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு புல்லட் பைக்கோ ஹிமாலயன் பைக்கோ. உயரம் சுமார் 3,200 மீட்டர். ஊட்டி தொட்டபெட்டாவின் தலைமேல் ஏறி நின்று, இன்னும் 500 மீட்டருக்கு மேல் ஏறினால்தான் இந்த ஆற்றங்கரை!

இனி விஷயத்துக்கு வருவோம். பாகாவுக்கு மழையைவிடப் பனிதான் சோறு போடுகிறது. காலையில் வெயில் ஏற ஏற மேலே பனி உருகுகிறது. உருகிய தண்ணீர் இறங்கி வந்து சேரப் பிற்பகல், சாயங்காலம் ஆகிவிடும். அப்போதுதான் ஆறு உச்சத்தில் இரைகிறது. ராத்திரி மேலே குளிர் கவ்வியதும் உருகுவது நின்றுபோகும். விடியற்காலையில் ஆறு இளைத்துக் கிடக்கும். கோடை முழுக்க அநேகமாகத் தினமும் இதே கதை!

லடாக் போகிற பைக்காரர்கள் ஏன் இருட்டோடு எழுந்து கிளம்புகிறார்கள் தெரியுமா? சூரிய உதயம் பார்க்க என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். வழியில் பல இடங்களில் ஓடை சாலையின் மேலேயே பாயும். 'நாலா' என்பார்கள். காலை ஆறு மணிக்குக் கணுக்கால் நனைகிற நாலா, மாலை நாலு மணிக்கு வண்டியையே புரட்டிப் போடும். லேயிலிருந்து பாங்காங் ஏரிக்குப் போகும் பாதையில் ஒன்றின் பெயரே 'பாகல் நாலா', அதாவது பைத்தியக்கார ஓடை. காலையில் சமர்த்துப் பிள்ளை, மத்தியானத்துக்கு மேல் பேயாட்டம். அடியில் உருண்டைக் கற்கள் வேறு. ஃபர்ஸ்ட் கியரில், நடுவில் நிற்காமல் போக வேண்டும். நின்றால் பூட்ஸுக்குள் ஐஸ் தண்ணீர்!

இந்த பாகாவுக்கு ஒரு காதல் கதை உண்டு, கேளுங்கள். பாரலாச்சா கணவாய் சுமார் 4,890 மீட்டர் உயரம். அதன் அடியில் உள்ள சூரஜ் தால் என்ற ஏரியில் பாகா பிறக்கிறது. அதே கணவாயின் இன்னொரு பக்கத்தில் சந்திரா ஆறு பிறக்கிறது. சந்திரா நிலாவின் மகளாம், பாகா சூரியனின் மகனாம். ஆளுக்கொரு திசையில் ஓடி மலையைச் சுற்றி வந்து, தண்டி என்ற ஊரில் கல்யாணம்! அங்கிருந்து பெயர் சந்திரபாகா. ஜம்முவுக்குள் போனதும் அதுவே செனாப்.

கதை அத்தோடு முடியவில்லை. அதே பாரலாச்சாவின் வடக்குச் சரிவில் இறங்கும் யூனம் ஓடை சர்ச்சு வழியாக ஜான்ஸ்கர் ஆற்றில் கலந்து சிந்துவுக்குப் போகிறது. செனாப்போ பஞ்சாப் சமவெளி இறங்கி, சட்லெஜோடு சேர்ந்து, பாகிஸ்தானில் மிதான்கோட் பக்கம் அதே சிந்துவில் விழுகிறது. கணவாயின் உச்சியில் ஒரு அடி அந்தப் பக்கம், ஒரு அடி இந்தப் பக்கம் என்று பிரிந்த இரண்டு துளிகள் பல நூறு கிலோமீட்டர் தள்ளி மறுபடி ஒரே ஆற்றில்! எனக்கு அந்தக் காதல் கதையைவிட இதுதான் மயிர்க்கூச்செறிய வைக்கிறது.

சரி, கூடாரத்தை ஏன் ஆற்றோரமாகவே போடுகிறார்கள்? அந்தப் பள்ளத்தாக்கில் சமதளம் என்று இருப்பதே ஆறு கொண்டுவந்து கொட்டிய கூழாங்கல் திட்டுதான். மற்றதெல்லாம் செங்குத்து மலை. அந்தக் கூழாங்கல்லில் வண்டி நிறுத்துவதும் ஒரு வித்தை. சைடு ஸ்டாண்டு போட்டுவிட்டுப் போனால் அது மெதுவாக உள்ளே புதைந்து, ராத்திரி 'தடால்'! பக்கத்து வண்டிமேல் சாய, அது அடுத்ததன்மேல் சாய, சீட்டுக்கட்டு கணக்காக வரிசையே படுத்துவிடும். அதனால் ஸ்டாண்டுக்கு அடியில் தட்டையான ஒரு கல். பையன் அதற்கென்றே ஒரு பலகைக் கல்லைப் பையில் போட்டு ஊருக்கே கொண்டு வந்துவிட்டான், இப்போது அது வாசல் துளசி மாடத்துக்கு முட்டு.

அந்த வண்டிகள் பிறந்த ஊர் எது தெரியுமா? திண்டிவனத்திலிருந்து சென்னை போகும் வழியில் சிங்கப்பெருமாள் கோயிலில் திரும்பினால் வருகிற ஒரகடம்! 1950-களில் திருவொற்றியூரில் தொடங்கியது ராயல் என்ஃபீல்டின் இந்தியக் கதை. 2013-ல் ஒரகடத்தில் ஒரு ஆலை, பிறகு பக்கத்திலேயே வல்லம் வடகாலில் இன்னொன்று. தாய்க் கம்பெனி இங்கிலாந்தில் மூடப்பட்ட பிறகும் நம்மவர்கள் விடாமல் புல்லட் செய்து, 1977-லிருந்து அந்த இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள். மண்டையைப் பிளக்கிற வெயிலில் செய்த வண்டி, பனிக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துத் தூங்குகிறது!

தூங்குமா, மூச்சு வாங்குமா? பாரலாச்சா தாண்டி வருகிற சர்ச்சு சுமார் 4,290 மீட்டர், அங்கும் ஆற்றோரக் கூடாரங்கள்தான். காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் ஏறக்குறைய அறுபது சதவீதம். கார்புரேட்டர் வைத்த பழைய புல்லட் அங்கே கரும்புகை கக்கித் திணறும். பெட்ரோல் அதே அளவு வரும், அதை எரிக்கக் காற்று பத்தாது. ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி, காற்றை அளந்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். மனுஷனுக்கு அந்த சென்சார் கிடையாதே! அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் நேராக சர்ச்சுவில் போய்ப் படுக்காமல், முதல் ராத்திரியை ஜிஸ்பாவில் கழித்து உடம்பைப் பழக்குகிறார்கள். தலைவலி, வாந்தி என்று வந்தால் கீழே இறங்குவதுதான் மருந்து, வீரம் பேசக்கூடாது.

தண்ணீர்கூட அங்கே அவசரக்குடுக்கை. ஜிஸ்பாவில் ஏறக்குறைய 89 டிகிரியிலேயே கொதித்துவிடும், சர்ச்சுவில் 86. கொதிக்கிறதே என்று நம்பி அரிசி போட்டால் நடுவில் நறுக்கென்று நிற்கும். குக்கர் இல்லாமல் சோறு இல்லை!

தண்டி பெட்ரோல் பங்க் போர்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்' என்றிருந்த அந்த போர்டு முன்னால் நின்று படம் எடுக்காத பைக்காரர் குறைவு. 2016-ல் வந்த ஹிமாலயனின் டேங்க் 15 லிட்டர். கணக்கு நீங்களே போடுங்கள்.

ஆனால் பெரியம்மா கேட்டது பொய்யில்லை. டைம் பார்த்து வருவது பனித் தண்ணீர். மேகவெடிப்பு டைம் பார்க்காது. 2021 ஜூலையில் அதே லாஹௌலில் தோஸிங் நாலாவில் திடீர் வெள்ளம் வந்து ஆட்களை அடித்துக்கொண்டு போனது. மேலே மலையில் கருத்தால், கூடாரம் எத்தனை அழகாக இருந்தாலும் மேட்டுக்கு ஏறிவிட வேண்டியதுதான்.

பையன் ஒரு வேலை செய்திருக்கிறான். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தண்ணீர் தொடுகிற இடத்தில் வெள்ளைக் கல் ஒன்றை வைத்தான். ஏழு மணிக்குக் கல்லைக் காணோம், மூழ்கிவிட்டது. இரவெல்லாம் படுக்கைக்கு அடியில் ரயில் போவது போல இரைச்சல். விடிகாலையில் டார்ச் அடித்துப் பார்த்தால், கல் ஈரமணலில் தனியாக உட்கார்ந்திருக்கிறது. ஆறு இரண்டு பாகம் தள்ளிப் போயிருக்கிறது.

பெரியம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நம்ம ஆத்துலயும் ஒரு கல்ல வெச்சிட்டு வாடா. ஐப்பசி வரைக்கும் யாரும் தொட மாட்டாங்க."