நெய்தல் பாலையாகும் காலம்



பாலைக்கெனத் தனி நிலம் இல்லை என்பது தமிழிலக்கியம் கற்றோர் அறிந்த செய்தி. மழை பொய்த்து வெயில் மிகும்போது காடும் மலையும் வளங்குன்றிப் பாலை எனப் பெயர் பெறும் என்று இளங்கோவடிகள் விளக்குவார். மலையே இல்லாத நம் தீவகத்துக்கு இது பொருந்துமா? பொருந்தும். இங்கே திரிவது நெய்தல். ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு என நாற்புறமும் நீர் சூழ்ந்த ஊர்கள், சித்திரை இடி ஓய்ந்தபின் குடிநீருக்கு ஏங்கும் நிலங்களாகின்றன. அந்த மாற்றம் நிகழும் முறையை இன்று நோக்குவோம்.

வடக்கு நோக்கி நகரும் ஞாயிறு, ஏப்ரல் 5 அளவில் இலங்கையின் தென்கரைக்கு நேர் மேலே வருகிறது. பின்னர் நாள்தோறும் சிறிது சிறிதாக வடக்கே ஏறி, சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாள்களில் தீவகத்தின் உச்சியில் நிற்கிறது. அந்நாள்களின் நண்பகலில், நட்ட கம்பின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும்.

மார்ச், ஏப்ரல் மாதங்களை இரு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலம் என வளிமண்டலவியல் திணைக்களம் வகுத்துள்ளது. வாடை ஓய்ந்திருக்கும், சோளகம் இன்னும் பெயர்ந்திராது. காலையில் கடல் அசைவற்றுக் கிடக்கும். பிற்பகலில், சூடேறிய நிலத்தின்மேல் ஈரக்காற்று விரைந்தெழுந்து கருமுகிலாகி, இடியும் மின்னலுமாகப் பொழியும். இதுவே சித்திரைச் சிறுமாரி. புங்குடுதீவு நனையும், அருகிலுள்ள நயினாதீவு வெயிலில் காயும். மழையோடு வரும் திடீர்க் காற்று கடலில் நிற்பவனுக்குப் பகை. ஆதலால் முகில் திரளுமுன் கரைசேர்வதே தொழிலாளிக்கு அறிவுடைமை. சில ஆண்டுகளில் வங்கக் கடலின் தாழமுக்கமும் இக்காலத்து மழையைப் பெருக்குவதுண்டு. 2016 மே நடுப்பகுதியில், பின்னர் 'றோனு' சூறாவளியாக மாறிய தாழமுக்கம் வடபகுதியிலும் பெருமழையைக் கொட்டியது. ஆனால் அத்தகைய மழையை நம்பி ஆண்டைக் கழிக்க இயலாது.

வைகாசியில் காற்று மாறுகிறது. நம் முன்னோர் திசைக்கொரு காற்றுக்குப் பெயரிட்டனர். வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், தெற்கே தென்றல், மேற்கே கோடை. பருவத்துக்கு மட்டுமன்றி, மேல்காற்றுக்கும் 'கோடை' என்பதே பெயர் என்பதைக் கவனியுங்கள். வெம்மையையும் காற்றையும் ஒரே சொல்லில் கண்டது தமிழ். தீவக மக்கள் நாவில் வாடையும் கொண்டலும் அப்படியே நிற்க, தெற்கிலும் தென்மேற்கிலுமிருந்து வருவது சோளகமாகவும் மேற்கிலிருந்து வருவது கச்சானாகவும் வழங்குகின்றன. செங்கை ஆழியான் நெடுந்தீவைக் களமாக்கிய நாவலுக்கு 'வாடைக்காற்று' என்று பெயரிட்டதும் இந்த மரபின் தொடர்ச்சியே. அவர் புவியியல் பட்டதாரி என்பதும் நினைவுகொள்ளத்தக்கது.

கடலைக் கடந்து வரும் சோளகம் ஏன் மழை தருவதில்லை? காற்றிலுள்ள ஈரம் மழையாக வேண்டுமானால் அது மேலெழுந்து குளிர வேண்டும். மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் அது நிகழ்கிறது; அங்கே மழை கொட்டுகிறது. காற்றை ஏற்றிவிட நம் தீவுகளில் ஒரு குன்றுகூட இல்லை. எனவே சோளகம் பனையோலையைச் சலசலக்கச் செய்து, மண்ணின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு கடந்துபோகிறது. உடலுக்கு அது இதம், பயிருக்கு வாட்டம். ஆனியில் நயினை நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குக் குறிகட்டுவானிலிருந்து படகேறும் அடியவர்கள் அதன் வேகத்தை நன்கறிவர்.

யாழ்ப்பாணத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர். அதன் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழி வரையில் பெய்து முடிகிறது. சுண்ணக்கற்பாறையின் வழியே கீழிறங்கும் அந்நீர், உவர்நீரின்மேல் மெல்லிய வில்லைபோல மிதக்கிறது. தீவகத்துக் கிணறுகளின் உயிர் அதுவே. அங்கே ஒரு நுட்பமான கணக்கு உண்டு. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் தங்கும். மேலே 1 அடி குறைந்தால், அடியிலுள்ள உவர்நீர் காலப்போக்கில் 40 அடி மேலேறும். துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த காலத்தில் கிணறு ஊறுவதற்கு அவகாசம் இருந்தது. மோட்டர் அந்த அவகாசத்தைத் தருவதில்லை. ஒருமுறை உவர் ஏறிய கிணற்றைத் திருத்த ஒரு மாரி போதாது.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றில் வெயிலிலும் காற்றிலும் மின்சாரம் பெறும் திட்டத்துக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் செய்யப்பட்டது. கோடை கொண்டுவரும் இரண்டையும் பயனாக்க முனைவது நன்று. ஆயினும் நன்னீரைப் பேணுவது வீட்டுக் கிணற்றடியில் தொடங்க வேண்டிய காரியம். கூரையில் விழும் சிறுமாரியைத் தொட்டியில் சேர்ப்போம். சோளகம் பெயர்ந்தபின் இறைப்பைக் குறைப்போம்.

இலக்கியத்துப் பாலை அடுத்த கார்காலத்தில் மீண்டும் முல்லையாகும். உவர் ஏறிய கிணறு அத்தனை விரைவில் மீளாது.