அரிசி இருக்கிறது, உலை வைக்க ஆளில்லை

செங்கல்பட்டுக்கும் மதுராந்தகத்துக்கும் இடையே ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிறது படாளம். மறைமலைநகர், ஒரகடம் என்று கம்பெனி வேலைக்குப் போகும் பிள்ளைகள் அங்கேயே வீடு பிடித்துத் தங்கிவிட்டால், காலனி வீடுகளில் முதியவர்கள் தனியே மிஞ்சுகிறார்கள். கரும்பு வெட்டியும் நாற்று நட்டும் தேய்ந்த கைகளுக்கு பென்ஷன் ஏது? முதியோர் உதவித்தொகைதான் கதி. 2023-ல் அது 1,200 ரூபாயானது. நாளுக்கு 40 ரூபாய்.

கூடவே இலவச அரிசியும் உண்டு. ஆனால் அரிசி சோறாக வேண்டுமே! தண்ணீர் தூக்கி, உலை வைத்து, கஞ்சி வடிக்க முடியாத வயதில், ஒரு நாள் வடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றி இரண்டு நாள் ஓட்டுகிறவர்கள் நம் தெருக்களில் உண்டு.

வழி இல்லாமல் இல்லை. 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். குழந்தைகளுக்காகத் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில், 1983-ல் உதவித்தொகை பெறும் முதியவர்களும் சேர்க்கப்பட்டார்கள். மையத்துக்கு வந்து சாப்பிடுபவருக்கு மாதம் 2 கிலோ அரிசி, வராதவருக்கு 4 கிலோ என்று கணக்கே இருக்கிறது. பேரப்பிள்ளைகளோடு தாத்தா, பாட்டியும் சாப்பிடலாம் என்பது பலருக்குத் தெரியாது. 2013-ல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகம் நகரங்களோடு நின்றுவிட்டது. கேரளத்திலோ 2020 முதல் குடும்பஸ்ரீ பெண்கள் ஊராட்சிகளிலும் 20 ரூபாய்க்குச் சாப்பாடு போட்டார்கள்.

நமக்கு இன்னொரு தடையும் உண்டு. மையம் ஊர்த்தெருவில் இருந்தால், காலனிக் கிழவி தட்டோடு அங்கே போய் உட்காரத் தயங்குவாள். காலனியில் இருந்தால் ஊர்க்காரர் வரமாட்டார். சமையல் பணியில் தலித்துகளுக்கு முன்னுரிமை தர உச்ச நீதிமன்றம் 2004-ல் உத்தரவிட்டது. ஆனாலும் 2018-ல் அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் பள்ளியில், தலித் பெண் சமைக்கக் கூடாது என்று எதிர்ப்பு கிளம்பியது. 1917-லேயே கேரளத்தின் செறாயியில் சகோதரன் அய்யப்பன் நடத்திய சமபந்தி, நூறாண்டு கழித்தும் நமக்குப் பாடமாகவே இருக்கிறது.

எனவே அடுத்த கிராம சபையில் நாம் மூன்று கேட்போம். மையத்தில் சாப்பிட விரும்பும் முதியவர்களின் பட்டியல் எடுக்க வேண்டும். எல்லாத் தெருவினருக்கும் ஒரே பந்தி வேண்டும். நடக்க முடியாதவர் வீட்டுக்குச் சுயஉதவிக் குழு மூலம் சாப்பாடு போக வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் எழுதவைத்து, நகலும் வாங்குவோம்.