தாயத்துக்கு ஒரு துணை

அந்திக்காற்று எழும் வேளையில், மட்டக்களப்பு வாவிக்கரையின் விறாந்தைகளில் தாயக்கட்டம் கீறி, சோகிகளைக் கையிற் குலுக்கியபடி எதிரே உட்கார ஓர் ஆளுக்காகக் காத்திருக்கும் முதியோரைக் கண்டவர்களுக்கு, விளையாட்டென்பது வெற்றி தோல்விக் கணக்கு மாத்திரமன்று என நான் விளக்க வேண்டியதில்லை. காய் வெட்டுண்டவரின் முகவாட்டமும், "பொறு புள்ள, அடுத்த எறியில பாரு" என்ற வீறாப்பும் சேர்ந்ததே தாயம்.

மனிதரோடு பலகை விளையாட்டு ஆடும் இயந்திரத்தை ஆக்குவோருக்கும் கஷ்டம் இவ்விடத்திலேதான். 1770இல் கெம்பெலன் வியன்னாவிற் காட்டிய சதுரங்கப் பொம்மைக்குள் மனிதனொருவன் ஒளிந்திருந்தான். மெய்யாகவே தானே ஆடிய இயந்திரத்தை 1912இல் ஸ்பானியரான டொரெஸ் கெவேதோ மின்காந்தங்களால் ஆக்கினார். அரசனையும் கோட்டையையும் கொண்டு தனியரசனை மடக்குவதொன்றே அது அறிந்த வித்தை. 1997இல் டீப் புளூ கணினி உலகச் சதுரங்க வீரர் காஸ்பரோவை வென்றபின், வெல்லும் பிரச்சினை ஏறக்குறைய முடிந்தது. கூடியிருந்து ஆடும் பிரச்சினை முடியவில்லை.

அதை எடுத்துக்கொண்டவர்கள் லிஸ்பன் நகர ஆராய்ச்சியாளர்கள். பிலிப்ஸ் நிறுவனத்தின் ஐகேட் என்னும் மஞ்சட் பூனையுரு இயந்திரத்தை அவர்கள் சிறுவரோடு சதுரங்கம் ஆடவைத்தனர். கை இயங்காத அப்பூனை, தன் காயையும் எதிரே இருக்கும் பிள்ளையையே நகர்த்தச் சொல்லும். ஆட்டம் எவ்வாறு திரும்புமென ஓர் எதிர்பார்ப்பை எண்ணால் வகுத்துக்கொண்டு, நிகழ்ந்ததை அதனோடு ஒப்பிட்டு, வேற்றுமைக்குத் தக்கபடி புருவத்தையும் இமையையும் இதழையும் அசைத்து வியப்பையோ வருத்தத்தையோ காட்டும். ஆயினும், சதுரங்கச் சங்கமொன்றில் ஐந்து வாரம் ஆடிய பிள்ளைகளுக்கு, அது தம்மோடு இருக்கிறதென்ற உணர்வு நாட்செல்லக் குன்றிற்று. பின்னர், பிள்ளையின் முகத்தைக் கவனித்து, தோற்பவனைத் தேற்றி, நல்ல நகர்வொன்றைச் சொல்லிக்கொடுத்து, சில வேளை வேண்டுமென்றே பிழையாகவும் ஆடும்படி திருத்தியபோது, ஐந்து வாரமும் அவ்வுணர்வு குன்றாது நின்றது. பேரப்பிள்ளைக்கு விட்டுக்கொடுத்து ஆடும் அம்மம்மாக்களின் சாமர்த்தியமே இது.

விளையாட்டில் பொறுமையும் ஓர் அங்கம். 2022இல் மொஸ்கோவில், முறை வருமுன் கைநீட்டிய ஏழு வயதுச் சிறுவனின் விரலைச் சதுரங்க இயந்திரக் கை பற்றி முறித்துவிட்டது. எதிரே இருப்பவரின் அவசரத்தை அது கற்றிருக்கவில்லை.

தாயத்தில் எத்தனை சோகி மல்லாந்தன, எத்தனை கவிழ்ந்தன என எண்ணுவது கமெராவுக்கு எளிய காரியம்; எதிரே இருப்பவரை அறிவதே அரிது. ஆகையால், வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலே கணினி பயிலும் இளைஞர்களே, நம் தாயத்துக்கு ஒரு துணையை ஆக்க முற்படுவீர்களாயின், நிரல் எழுதுமுன் ஒரு மாலை உங்கள் அம்மம்மாவோடு ஆடுங்கள். எந்தக் கணத்தில் அவர் கட்டத்தை விட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறார் என்பதைக் குறித்துவையுங்கள்.