₹ குறிக்குள் ஓர் எண்

2010 ஜூலை 15-க்கு முன்னால் இந்தியப் பணத்துக்கென்று அதிகாரப்பூர்வமான தனிக் குறியீடு இல்லை. ‘ரூ.’ என்று சுருக்கி எழுதி வந்தோம். போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்த ₹ குறிக்கு அன்றுதான் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதை வடிவமைத்தவர் கள்ளக்குறிச்சியில் பிறந்த உதயகுமார். தமிழ் அச்செழுத்துகளை ஆராய்ந்து மும்பை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்றவர். தேவநாகரியின் ‘ர’, நெடுங்கோடு நீக்கிய ஆங்கில ‘ஆர்’ இரண்டையும் ஒரே வடிவத்துக்குள் அழகாகக் கொண்டுவந்துவிட்டார்.

தாளில் வரைந்தாயிற்று. கணினிக்குள் எப்படிக் கொண்டுபோவது?

கணினி எழுத்துகளைப் படமாக வைத்திருப்பதில்லை, எண்ணாக வைத்திருக்கிறது. எந்த எழுத்துக்கு எந்த எண் என்று உலகம் முழுவதற்கும் பொதுவாக வகுத்த பட்டியல்தான் யூனிகோடு. அதில் ‘க’வின் எண் 2965. ₹ குறிக்கு 2010 அக்டோபரில் 8377 கிடைத்தது. நீங்கள் ₹ அடித்து அனுப்பினால் போவது இந்த எண்தான். பெறுகிற கருவியில் உள்ள எழுத்துரு அதைப் பார்த்து ₹ என்று வரைகிறது. எழுத்துருவில் அந்த வடிவம் இல்லையென்றால் வெறும் கட்டம் தெரியும்.

எண் கிடைப்பதற்கு முன்பே ₹ அடிக்கப் பலருக்கு ஆசை. அதற்கு ஒரு குறுக்குவழி வந்தது. விசைப்பலகையில் 1-க்கு இடப்பக்கம் ஒரு சாய்ந்த சிறுகோடு இருக்கிறதல்லவா? அதன் எண் 96. அந்த இடத்தில் ₹ படத்தை வரைந்துவைத்த எழுத்துருக்கள் பரவின. வகுப்பில் ஒருவன் பெயரைக் கூப்பிடும்போது இன்னொருவன் ‘உள்ளேன் ஐயா’ சொல்வது மாதிரிதான் இது. வெளியே ₹, உள்ளே 96. அந்த எழுத்துரு இல்லாத கணினிக்கு ‘₹500’ என்ற விலை ‘`500’ என்று போய்ச் சேர்ந்தது. பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளும் உள்ளே இருக்கும் எண்ணைத்தான் நம்பும். போலிக் குறியைக் கண்டால் அந்த மென்பொருள் ‘ரூபாய்’ என்று சொல்லாது. எனக்கு இதுதான் பெரிய குறையாகத் தோன்றுகிறது.

சரியான ₹ அடிப்பது எளிது. செல்பேசியில் குறியீடுகள் உள்ள பக்கத்துக்குப் போங்கள். ₹ நேராகத் தெரியாவிட்டால் டாலர் குறியை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் வரும். விண்டோஸ் கணினியில் ‘இங்கிலீஷ் (இந்தியா)’ விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்து, வலப்பக்க ஆல்ட் விசையோடு 4-ஐ அழுத்த வேண்டும்.

வங்கிக் குறுஞ்செய்திகளில் ஏன் இன்னும் ₹ இல்லாமல் ஆங்கிலச் சுருக்கமே வருகிறது? குறுஞ்செய்திக்கென்று வகுத்த பழைய, சிறிய எழுத்துப் பட்டியலில் ₹ கிடையாது. அந்தப் பட்டியலுக்குள் நின்றால் ஒரு செய்தியில் 160 எழுத்துகள் கொள்ளும். ₹ ஒன்று புகுந்தாலும் முழுச் செய்தியும் பெரிய பட்டியலுக்கு மாற வேண்டும். அப்போது 70 எழுத்துகளுக்குத்தான் இடம்!

எழுதும் முறையையும் கவனியுங்கள். ₹ எண்ணுக்கு முன்னால் வரும், அதற்குப் புள்ளி வேண்டாம்: ₹50. ‘₹50 ரூபாய்’ என்றால் ரூபாயை இரண்டு முறை சொன்னதாகிவிடும். இலங்கை, நேபாளம், பாகிஸ்தான் நாடுகளிலும் பணத்தின் பெயர் ரூபாய்தான். ஆனால் ₹ இந்திய ரூபாய்க்கு மட்டுமே உரியது. யாழ்ப்பாணத்துக் கடை விலையை எழுதும்போது ‘ரூ.’ போடுங்கள். தமிழுக்கென்றே ௹ என்ற பழைய ரூபாய்க் குறியும் உண்டு, யூனிகோடில் அதன் எண் 3065.

பள்ளிக் கண்காட்சிக்கு விலைப்பட்டியல் அடிக்கப் போகிறீர்களா? அடித்து முடித்ததும் எழுத்துருவை ஒருமுறை மாற்றிப் பாருங்கள். ₹ இருந்த இடத்தில் சாய்ந்த சிறுகோடு வந்தால் அது போலி. அழித்துவிட்டு உண்மையான ₹ போடுங்கள்.