குதிரை பார்க்கும் கண்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)

நரியைப் பரியாக்கிய திருவிளையாடலை நாம் அனைவரும் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறோம். மாணிக்கவாசகர் வாங்கி வருவதாகச் சொன்ன குதிரைகளுக்குப் பதிலாக நரிகள் குதிரைகளாகி மதுரைக்கு வந்தன. பாண்டிய மன்னன் பார்த்து மகிழ்ந்தான். இரவு வந்ததும் அவை மீண்டும் நரிகளாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடின. பக்தர்களுக்கு அது இறைவனின் விளையாட்டு. விலங்கியல் மாணவனாகிய எனக்கோ அதில் வேறொரு கேள்வி எழுந்தது. பகலில் பரியாகத் தோன்றுவது இரவிலும் பரியாகவே இருக்கும் என்று எப்படி அறிவது?

இந்தக் கேள்வி எங்கள் வீட்டில் வெறும் கேள்வியாக இருந்ததில்லை. பாலவாக்கத்தில் எங்கள் வீடு. அப்பா கட்டட வேலை செய்பவர். அவர் பந்தயத் திடலுக்குள் ஒருநாளும் போனதில்லை. ஆனால் பந்தய நாட்களில் தெருவில் ஒருவரிடம் குதிரை எண்ணை எழுதிக் கொடுத்துப் பணம் கட்டுவார். நான் பதினோராம் வகுப்பு படித்தபோது அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போனது இப்படித்தான். அம்மாவின் அண்ணனோ, அதாவது என் மாமா, கிண்டி குதிரை லாயத்தில் இருபத்தேழு ஆண்டுகளாகக் குதிரை பராமரிக்கிறார். அவர் ஒரு ரூபாய்கூடப் பந்தயம் கட்டியதில்லை. குதிரையை அறியாதவர் பணம் கட்டுகிறார், அறிந்தவர் கட்டுவதில்லை. இது ஏன் என்று அறியும் ஆவலில், 2024ஆம் ஆண்டு பொங்கல் விடுமுறையை ஒட்டி மாமாவுடன் கிண்டிக்குச் சென்றேன்.

கிண்டித் திடல்

கிண்டியில் குதிரைப் பந்தயம் 1777இல் தொடங்கியது என்பர். சென்னை ரேஸ் கிளப் 1896இல் அமைந்தது. இங்கே நடப்பது தடை தாண்டாமல் சமதளத்தில் ஓடும் பந்தயம். பிற்பகலில் தொடங்கி, வெயில் சாயும் மாலை வரை அடுத்தடுத்து நடக்கும். ஓட்டத்திற்கு முன் குதிரைகளை ஒரு வட்டத்தில் நடத்திக் காட்டுவார்கள். கூட்டம் முழுவதும் பணம் கட்டும் ஜன்னல்களை நோக்கி ஓட, மாமா என்னை அந்த வட்டத்தின் கம்பியருகே நிறுத்தினார். "நோட்டுல உனக்குப் புடிச்ச நம்பர எழுதிக்க மாப்ள. காசு வேணாம், பென்சில் போதும்" என்றார்.

அந்தப் பந்தயம் இதுவரை வெற்றி பெறாத மூன்று வயதுக் குட்டிகளுக்கானது. இங்கே ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். பந்தயக் குதிரைகளுக்கு நம் நாட்டில் ஜனவரி 1ஆம் தேதிதான் பிறந்தநாள். ஜனவரியில் பிறந்த குட்டிக்கும் மே மாதம் பிறந்த குட்டிக்கும் கணக்கில் ஒரே வயது. ஆகவே இளங்குதிரையைப் பார்ப்பவர் முதலில் கேட்க வேண்டியது, "இது சிறியதா, அல்லது இளையதா?" என்பதே. இளையதாயின், வளர இன்னும் இடமுண்டு.

நிற்கும்போது

நாம் குதிரையின் முன்னங்காலில் முழங்கால் என்று சொல்வது உண்மையில் நமது மணிக்கட்டுக்குச் சமமான மூட்டு. அதன் குளம்போ நடுவிரலின் நகம். ஏறக்குறைய 450 முதல் 500 கிலோ எடையுள்ள ஒரு விலங்கு நான்கு நடுவிரல் நகங்களில் நின்று ஓடுகிறது! அந்த மூட்டுக்குக் கீழே இயக்கும் தசையென்று சொல்ல ஏதுமில்லை, எலும்பும் தசைநாண்களும்தான். எனவே மாமா முதலில் பார்ப்பது கால். முன்னிருந்து பார்த்தால் கால் நேராக இருக்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் முழங்கால் பின்னோக்கி வளைந்திருக்கக் கூடாது. வளைந்திருந்தால் வேகத்தின் சுமை அந்த இடத்தில் விழும்.

அடுத்து மார்பு. முன்னங்கால்களுக்குப் பின்னால் சேணப்பட்டை கட்டும் இடம் ஆழமாக இருந்தால் இதயத்திற்கும் நுரையீரலுக்கும் இடம் தாராளம். குதிரையின் இதயம் சுமார் 4 கிலோ எடையுள்ளது. ஓய்வில் நிமிடத்திற்கு 30 முதல் 40 முறை துடிப்பது, முழு வேகத்தில் 220ஐத் தாண்டும். அதன் மண்ணீரல் சிவப்பணுக்களின் சேமிப்புக் கிடங்கு. ஓட்டம் தொடங்கியதும் அது சுருங்கிச் சிவப்பணுக்களை இரத்தத்தில் கொட்ட, இரத்தத்தில் அவற்றின் பங்கு 40 விழுக்காட்டிலிருந்து 60க்கும் மேல் உயர்கிறது. மூன்றாவதாக மூக்கு. குதிரையால் வாயால் மூச்சுவிட இயலாது. ஆகவே அகன்ற நாசித் துவாரத்திற்கு மதிப்பு அதிகம்.

நடக்கும்போது

"நிக்கிற குதிர பொய் சொல்லும், நடக்கிற குதிர சொல்லாது" என்பார் மாமா. முன்னங்குளம்பு பதிந்த இடத்தையும் தாண்டிப் பின்னங்குளம்பு விழுகிறதா என்று பார்க்கச் சொன்னார். அப்படி விழுந்தால் தோளும் இடுப்பும் தளர்வாக இயங்குகின்றன என்று பொருள். காதுகள் முன்னே நிமிர்ந்து, கண் சுற்றிலும் கவனித்து, தலை அமைதியாக இருப்பது நல்ல அறிகுறி. வாலை ஓயாமல் சுழற்றுவதும், பின்னங்கால்களுக்கிடையே வெள்ளை நுரையாக வியர்ப்பதும் பதற்றத்தைக் காட்டும். குதிரை வியர்வையில் 'லேதெரின்' என்ற புரதம் இருப்பதால்தான் அது சோப்பு போல நுரைக்கிறது. ஆனால் சென்னை வெயிலில் எல்லாமே வியர்க்கும். மற்றவற்றைவிட ஒன்று மட்டும் அதிகமாக வியர்க்கிறதா என்பதே கணக்கு.

நான் நான்காம் எண் குதிரையை எழுதினேன். பெரியது, தோல் பட்டாகப் பளபளத்தது. மாமா காட்டியதோ ஒடுங்கிய உடம்பும் நீண்ட கால்களும் கொண்ட ஒரு பெண் குட்டி. எனக்கு அது கல்லூரிக்கு முதல் நாள் வந்த மாணவியைப் போலத் தெரிந்தது.

ஓடும்போது

முழுப் பாய்ச்சலில் ஒரு தாவலுக்கு ஒரு மூச்சு என்று குதிரையின் காலும் நுரையீரலும் இணைந்தே இயங்குகின்றன. ஒரு தாவல் சுமார் 7 மீட்டர். அந்தத் தாவலில் நான்கு கால்களும் தரையை விட்டு எழும் கணம் ஒன்று உண்டு என்பதை மைப்ரிட்ஜ் என்பவர் 1878இல் அமெரிக்காவில் வரிசையாகக் கேமராக்களை வைத்துப் படமெடுத்துக் காட்டினார். அதுவரை ஓவியர்கள் பலர் குதிரையைத் தவறாகவே வரைந்து வந்தனர். மனிதக் கண் அத்தனை நம்பகமானதன்று.

1200 மீட்டர் ஓட்டம் ஒன்றேகால் நிமிடத்திற்குள் முடிந்துவிட்டது. என் பளபளப்புக் குதிரை கடைசிக்கு முந்தியது. மாமாவின் குட்டி ஐந்தாவது. நான் சிரித்தேன். ஆனால் மாமாவின் முகத்தில்தான் மகிழ்ச்சி. "ஜெயிச்ச குதிரைய ஊரே பாக்கும். நீ அஞ்சாவதா வந்தத பாரு மாப்ள" என்றார்.

இளங்குதிரையைக் கண்டறியும் கலையின் உயிர்நாடி இதுதான். அந்தக் குட்டி புறப்படும்போதே தயங்கிப் பின்தங்கியது. வளைவில் முன்னால் மண் பறந்தபோது தலையைத் திருப்பியது. ஆனால் கடைசி 200 மீட்டரில், ஜாக்கி சவுக்கைத் தொடாமலே, நேர்கோட்டில் ஓடி நான்கைந்து குதிரைகளைக் கடந்தது. எல்லையைத் தாண்டிய பிறகும் வேகம் குறையவில்லை. பழகாததால் தோற்றது வேறு, முடியாததால் தோற்றது வேறு. முதலாவது அனுபவத்தில் சரியாகும்.

ஓட்டம் முடிந்த பிறகும் பாடம் உண்டு. மூச்சு எவ்வளவு விரைவில் அடங்குகிறது, கால் தடவினால் எங்காவது சூடு இருக்கிறதா, இரவில் தீனியை மிச்சம் வைக்காமல் தின்கிறதா என்பவற்றை லாயத்தில் இருப்பவர் மட்டுமே அறிவார்.

கண்ணின் எல்லை

மாலை முடிந்தபோது என் நோட்டைக் கூட்டிப் பார்த்தேன். ஏழு பந்தயங்களில் நான் எழுதியது ஒன்று வென்றது. மாமா சொன்னவற்றில் வென்றவை இரண்டு. இருபத்தேழு ஆண்டு அனுபவத்திற்கு ஏழில் இரண்டு!

இது மாமாவின் குறையன்று. 1975இல் அமெரிக்காவில் 17,500 டாலருக்கு விற்ற ஒரு வயதுக் குட்டிக்கு ஒரு முன்னங்கால் சற்று வெளிப்புறம் திரும்பியிருந்தது. அதுவே சியாட்டில் ஸ்லூ. 1977இல் அந்நாட்டின் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்றது. 2006இல் கிரீன் மங்கி என்ற இரண்டு வயதுக் குதிரை 1 கோடியே 60 லட்சம் டாலருக்கு விலைபோனது. மூன்றே முறை ஓடியது, ஒருமுறைகூட வெல்லவில்லை. 2010இல் அயர்லாந்து அறிவியலாளர்கள் மயோஸ்டேட்டின் என்ற மரபணுவின் வேறுபாடு, ஒரு குதிரைக்குக் குறுந்தூரம் ஏற்றதா நெடுந்தூரம் ஏற்றதா என்பதைப் பெரிதும் காட்டுவதாகக் கண்டறிந்தனர். எத்தனை தூரம் என்று அது சொல்லும். வெல்லுமா என்று சொல்லாது.

தமிழ்நாட்டில் பந்தயத்தைச் சூதாட்டமாகக் கருதித் தடைசெய்ய 1974இல் சட்டம் கொண்டு வரப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1996 ஜனவரி 12 அன்று, குதிரைப் பந்தயத்தில் அதிர்ஷ்டத்தைவிடத் திறமையே மேலோங்கி நிற்கிறது என்று தீர்ப்பளிக்கப்பட்டது. அந்தத் திறமையை என் மாமாவிடம் நேரில் கண்டேன். ஆனால் தெருவில் எண்ணை எழுதிக் கொடுக்கும் என் அப்பாவிடம் அந்தத் திறமையில் ஒரு துளியும் இல்லை. அவர் குதிரையைப் பார்த்ததுகூட இல்லை! அறிந்தவருக்கே ஏழில் இரண்டு என்றால், அறியாதவர் கட்டும் பணத்திற்கு என்ன பெயர் என்று நீதிபதிகள் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவின் காது சொல்லும்.

முடிவாக

அந்த ஐந்தாமிடக் குட்டி இரண்டு மாதம் கழித்து முதலாவதாக வந்ததாக மாமா சொன்னார். அவர் அதே அளவு புகழ்ந்த வேறொரு குட்டியோ காலைப் பயிற்சியில் தசைநாண் கிழிந்து, பந்தயமே காணாமல் போயிற்று. இரண்டையும் அவர் ஒரே குரலில்தான் சொன்னார். 2024 செப்டம்பர் 9 அன்று, குத்தகை ரத்தான 160.86 ஏக்கர் கிண்டித் திடலுக்கு அரசு சீல் வைத்தது, வழக்கும் தொடர்ந்தது. அன்று எங்கள் வீட்டுக்கு வந்த மாமா, "யாரு நெலமோ இருக்கட்டும். குதிரைக்கு வேளைக்குத் தீனி போவணுமே மச்சான்" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா பதில் பேசவில்லை. இரவு என் நோட்டைக் கேட்டு வாங்கி, ஏழு வரிகளையும் விரல் வைத்துப் படித்தார்.

அன்றோடு அவர் பணம் கட்டுவதை விட்டுவிட்டார் என்று எழுதினால் இது கதையாகிவிடும். குறைத்திருக்கிறார். தோடு திரும்பி வந்துவிட்டது.

நண்பர்களே, எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். முதல் பருவத் தேர்வில் இரண்டு தாள்களில் தவறினேன். வீட்டுக்குப் போகவே கூசியது. மாமா மதிப்பெண் பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டாவது ஓட்டத்துல பாக்கலாம் மாப்ள" என்றார். பழகாததால் தோற்பதையும் முடியாததால் தோற்பதையும் பிரித்தறியும் கண், குதிரை லாயத்தில் மட்டுமன்றி வகுப்பறையிலும் வேண்டும் என்பதே என் பணிவான எண்ணம்.